உரோமையில் ஒரு கல்வெட்டும் அதற்கு அடுத்த வசனமும்

உரோமை நகரில் டைபர் ஆற்றின் கரையோரமாகப் பழைய யூதக் குடியிருப்புப் பகுதிக்குள் நுழையும் இடத்தில் சான் கிரகோரியோ என்ற சிறிய கோவில் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் எபிரேயத்திலும் இலத்தீனிலும் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. எசாயா இறைவாக்கினர் நூலின் 65-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த வரிகள் அவை. இணங்காத மக்களை நோக்கி நாள் முழுவதும் என் கைகளை விரித்து நின்றேன் என்று கடவுள் ஆதங்கத்தோடு சொல்லும் இடம். கோவிலுக்கு எதிரில்தான் ஒரு காலத்தில் கெட்டோவின், அதாவது யூதர்கள் அடைத்துவைக்கப்பட்ட மதில்சூழ் குடியிருப்பின், வாயில் இருந்தது. எபிரேயத்தில் ஏன் எழுதினார்கள் என்று விளக்கத் தேவையில்லை. வாயிலைக் கடந்து வரும் ஒவ்வொரு யூதரும் அதைப் படிக்க வேண்டும், படித்துத் தலைகுனிய வேண்டும் என்பதே நோக்கம்.

இதே வசனத்தைப் பவுலடிகளார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் எடுத்தாள்கிறார். 10-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் அது. அதற்கு அடுத்த வரியில் அவரே கேட்கிறார்: அப்படியானால் கடவுள் தம் மக்களைத் தள்ளிவிட்டாரா? உடனே பதிலும் சொல்கிறார்: ஒருபோதும் இல்லை, நானும் ஓர் இஸ்ரயேலன்தானே! அதிகாரப் பிரிவுகள் எல்லாம் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவை. பவுல் எழுதியபோது இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் ஒரு கோடுகூட இல்லை. கல்லில் வெட்டியவர்கள் முதல் வரியோடு உளியைக் கீழே வைத்துவிட்டார்கள். அடுத்த வரியைக் கத்தோலிக்கத் திருஅவை தன் முழு அதிகாரத்தோடு வாய்விட்டுப் படித்தது 1965-இல்தான்.

மீட்பு வரலாறு என்ற சொல்லை மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்த எவரும் அறிவர். ஆபிரகாமின் அழைப்பு, எகிப்திலிருந்து விடுதலை, சீனாய் மலை உடன்படிக்கை, தாவீது, இறைவாக்கினர்கள், கடைசியில் நாசரேத்தூர் மரியா, அவருடைய மகன். இயேசு எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர். திருத்தூதர் பன்னிருவரும் யூதர்கள். இதுவரை எந்தக் கத்தோலிக்கருக்கும் சிக்கல் இல்லை. உயிர்ப்புக்குப் பிறகு என்ன? இயேசுவை மெசியாவாக ஏற்காமல், இன்றுவரை தோரா என்ற தங்கள் திருச்சட்ட நூலைப் படித்து, ஓய்வுநாளைக் கடைப்பிடித்து வாழும் யூத மக்களுக்கு இந்த வரலாற்றில் இன்னும் இடம் இருக்கிறதா? அல்லது அவர்கள் பாத்திரம் கல்வாரியோடு முடிந்துவிட்டதா?

பழைய பதில் சுருக்கமானது: முடிந்துவிட்டது. திருஅவையே புதிய இஸ்ரயேல், உண்மை இஸ்ரயேல். வாக்குறுதிகளெல்லாம் அதன் கைக்கு மாறிவிட்டன. இறையியலார் இதைப் பதிலீட்டுக் கொள்கை என்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தின் இதை எழுதினார். அதே நூற்றாண்டில் சர்தை நகர ஆயர் மெலித்தோ ஒரு படி மேலே போய், யூதர் கடவுளைக் கொன்றவர்கள் என்ற குற்றச்சாட்டை உயிர்ப்புப் பெருவிழா மறையுரையிலேயே முழங்கினார். ஆனால் அந்தக் காலத்துத் திருஅவை ஒரு பெரிய தவறைச் செய்ய மறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஏற்பாட்டின் கடவுளே வேறு, அந்த நூல்களே வேண்டாம் என்று மார்சியோன் என்ற போதகர் சொன்னபோது, கி.பி. 144 வாக்கில் உரோமைத் திருஅவை அவரை வெளியேற்றியது. யூதர்களின் நூல்களை வைத்துக்கொண்டது. அந்த நூல்களுக்கு உரிய மக்களை என்ன செய்வது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

புனித அகுஸ்தின் ஒரு வழி சொன்னார். யூதர்களைக் கொல்லக் கூடாது. அவர்கள் நமக்காக நூல்களைச் சுமந்து செல்பவர்கள், நம் மறைநூல் நாமே புனைந்தது அல்ல என்பதற்கு உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சாட்சிகள். இந்த வாதம் பல நூற்றாண்டுகளில் யூதர்களின் உயிரைக் காத்தது. அவர்களைத் தாழ்நிலையில் வைத்திருப்பதற்கான நியாயமாகவும் அதுவே ஆனது. 1215-இல் திருஅவை ஆயர்களின் பேரவையான நான்காம் இலாத்தரன் சங்கம் அவர்களுக்குத் தனி உடை அடையாளம் விதித்தது. 1442-இல் புளோரன்ஸ் சங்கம், திருஅவைக்கு வெளியே இருப்போரில் யூதர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்து, இறப்பதற்குள் இணையாவிட்டால் நிலைவாழ்வு இல்லை என்றது. 1555-இல் திருத்தந்தை நான்காம் பவுல் உரோமையில் கெட்டோவை அமைத்து, யூதர்களை மதிலுக்குள் அடைத்தார். பின்னர் ஓய்வுநாள்தோறும் அவர்களில் ஒரு பகுதியினரைக் கட்டாயமாக வரவழைத்து மறையுரை கேட்கவைக்கும் வழக்கம் வந்தது. 1847 வரை அது நீடித்தது. காதில் மெழுகை அடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள் என்று உரோமை யூதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கு அந்த மெழுகு ஒரு பெரிய இறையியல் நூலைவிட அதிகம் சொல்கிறது.

கொள்கை ஏட்டில் கிடந்தது. சாதாரண மக்களின் நெஞ்சில் அது இறங்கியது வழிபாட்டின் வழியாக, அதிலும் பெரிய வெள்ளியன்று சொல்லப்பட்ட ஒரே ஒரு மன்றாட்டின் வழியாக. அந்த மன்றாட்டை அருகில் சென்று பார்க்க வேண்டும்.

பெரிய வெள்ளி வழிபாட்டில் திருஅவைக்காக, திருத்தந்தைக்காக, திருமுழுக்குப் பெறவிருப்போருக்காக என்று வரிசையாக மன்றாட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் முழந்தாளிடுவோம் என்ற அழைப்பு, சற்று மௌனம், பின் எழுவோம் என்ற அழைப்பு. யூதர்களுக்கான மன்றாட்டில் மட்டும், ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கிலிருந்து, யாரும் முழந்தாளிடவில்லை. காரணம் கேட்டால், யூதர்கள் இயேசுவின் முன் மண்டியிட்டு ஏளனம் செய்தார்கள், ஆகவே அவர்களுக்காக நாம் மண்டியிடக் கூடாது என்று விளக்கினார்கள். நற்செய்தியைத் திறந்து பாருங்கள். முள்முடி சூட்டி, கையில் கோலைக் கொடுத்து, மண்டியிட்டு எள்ளி நகையாடியவர்கள் உரோமைப் படைவீரர்கள். மத்தேயு, மாற்கு இருவரும் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, ஆண்டுதோறும், நற்செய்தியே மறுக்கும் ஒரு காரணத்துக்காக ஐரோப்பாவின் கோவில்களில் மக்கள் முழந்தாள் மடக்காமல் நின்றார்கள்.

மன்றாட்டின் சொற்களும் அப்படியே. யூதர்களைக் குறிக்க அதில் வந்த இலத்தீன் அடைமொழி 'பெர்ஃபிதிஸ்'. நம்பிக்கை இல்லாதவர் என்பதே அதன் பழைய பொருள் என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் அது காதில் விழுந்தபோது துரோகிகள் என்றுதான் ஒலித்தது. அவர்களுடைய உள்ளத்தின் மேல் உள்ள திரையை அகற்றும், அந்த மக்களின் குருட்டுத்தன்மையை நீக்கி இருளிலிருந்து மீட்டருளும் என்று மன்றாட்டு தொடர்ந்தது. 1926-இல் தொடங்கப்பட்ட 'இஸ்ரயேலின் நண்பர்கள்' என்ற குருக்கள் சங்கம் இதை மாற்றக் கேட்டது. அதில் 19 கர்தினால்களும் 200-க்கும் மேற்பட்ட ஆயர்களும் சுமார் 3,000 குருக்களும் இருந்தார்கள். 1928 மார்ச் 25 அன்று வத்திக்கான் அந்தச் சங்கத்தையே கலைத்தது. கலைத்த அதே ஆணையில் யூத வெறுப்பைக் கண்டிக்கவும் செய்தது. வெறுப்பு கூடாது, ஆனால் மன்றாட்டில் கை வைக்காதே. இந்த இரட்டை நிலை எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு அடுத்த பதினைந்து ஆண்டுகள் பதில் சொல்லிவிட்டன.

1943 அக்டோபர் 16 அன்று நாஜிப் படை உரோமையின் அந்தப் பழைய யூதக் குடியிருப்பைச் சுற்றி வளைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர். அதே மாதம் பிரான்சில் ஜூல் இசாக் என்ற வரலாற்றாசிரியரின் மனைவியும் மகளும் கைதானார்கள். இருவரும் கொல்லப்பட்டார்கள். பிரான்ஸ் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் படித்த வரலாற்றுப் பாடநூல்களை எழுதியவர் இசாக். தற்செயலாக வீட்டில் இல்லாததால் அவர் தப்பினார். தலைமறைவாக இருந்துகொண்டே நற்செய்திகளையும் அவற்றுக்குத் திருஅவை தந்த விளக்கங்களையும் வரிவரியாக ஒப்பிட்டு ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். இசாக் என்ற பெயர் இருந்த ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்ட மனைவிக்கும் மகளுக்கும் என்று அதைக் காணிக்கையாக்கினார். நாஜிகளின் இனவெறி கிறிஸ்தவத்துக்கு எதிரானதுதான், ஆனாலும் நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்கள் கற்பித்த இகழ்ச்சிதான் அதற்கு நிலத்தை உழுது வைத்தது என்பது அவர் கண்ட முடிவு.

1960 ஜூன் 13 அன்று, 82 வயதில், அவர் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானைச் சந்தித்தார். முழந்தாளிடும் வழக்கத்தைப் பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் மீட்டிருந்தார். 'பெர்ஃபிதிஸ்' என்ற சொல்லை யோவான் 1959-இல் நீக்கியிருந்தார். இசாக் கேட்டது அதைவிடப் பெரிது: போதனையையே சீர்படுத்த ஒரு குழு வேண்டும். கொஞ்சம் நம்பிக்கையோடு போகலாமா என்று விடைபெறும்போது கேட்டாராம். நம்பிக்கையைவிட அதிகத்துக்கு உமக்கு உரிமை உண்டு என்று திருத்தந்தை சொன்னதாக இசாக் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, செருமானிய விவிலிய அறிஞரான கர்தினால் அகுஸ்தின் பேயாவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. முடிவைப் பார்க்க இசாக் இல்லை. 1963-இல் இறந்துவிட்டார்.

அப்போது கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், யூதர்களைப் பற்றிய அறிக்கையின் வரைவு பட்ட பாடு கொஞ்சமல்ல. அரபு நாடுகளின் அரசுகள் இதை இஸ்ரேல் நாட்டுக்கான அங்கீகாரமாகப் பார்த்து எதிர்த்தன. கீழைத் திருஅவைகளின் முதுபெரும் தந்தையர் தங்கள் மக்களுக்கு ஆபத்து வரும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பழைய போதனையை மாற்றவே கூடாது என்றவர்களும் இருந்தார்கள். 1964-இல் வந்த ஒரு வரைவு, யூத மக்கள் திருஅவையோடு இணைவார்கள் என்ற எதிர்நோக்கைப் பேசியது. அப்போது அமெரிக்க யூத அறிஞரான ரபி ஏபிரகாம் ஹெஷல், மதம் மாறு அல்லது செத்துப்போ என்று கேட்டால் நான் அவுஷ்விட்ஸுக்குப் போகத் தயார் என்று வெளிப்படையாக அறிவித்தார். அந்த வாக்கியம் போனது. அதன் இடத்தில், கடவுள் மட்டுமே அறிந்த ஒரு நாளில் எல்லா மக்களினங்களும் ஒரே குரலாய் ஆண்டவரை அழைக்கும் என்ற இறைவாக்கினர் செப்பனியாவின் வரி வந்தது.

1965 அக்டோபர் 28 அன்று 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' (நம் காலத்தில்) என்ற அந்த அறிக்கை 2,221-க்கு 88 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதன் நான்காம் பகுதி நீளத்தில் சிறியது. இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர் மேலும் வேறுபாடின்றிச் சுமத்த முடியாது, இன்றைய யூதர் மேலும் சுமத்த முடியாது. யூதர்கள் கடவுளால் தள்ளப்பட்டவர்கள், சபிக்கப்பட்டவர்கள் என்று காட்டக் கூடாது. மூதாதையரை முன்னிட்டு அவர்கள் இன்னும் கடவுளுக்கு மிக அன்பானவர்கள், ஏனெனில் அவர் தம் கொடைகளையும் அழைப்பையும் திரும்பப் பெறுவதில்லை. அறிக்கை சாய்ந்து நிற்பது உரோமையர் 11-ஆம் அதிகாரத்தின் மேல். இடைக்காலச் சங்கம் எதுவும், பழைய திருத்தந்தையர் ஆணை எதுவும் அதில் துணைக்கு அழைக்கப்படவில்லை. அழைக்க ஏதும் இல்லை என்பதே உண்மை. கல்வெட்டு நின்ற இடத்துக்குத் திரும்பிப் போய், அடுத்த வசனத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டியிருந்தது.

அந்த அதிகாரத்தில் பவுல் ஒரு மரத்தைக் காட்டுகிறார். நல்ல ஒலிவ மரம் ஒன்று. சில கிளைகள் தறிக்கப்பட்டன. காட்டு ஒலிவக் கிளைகளைக் கொண்டுவந்து அதில் ஒட்டவைத்தார்கள். அந்தக் காட்டுக் கிளைகள் பிற இனத்தாரான நாம். பவுல் நம்மிடம் சொல்வது இதுதான்: பெருமை பேசாதே, வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது. ஒட்டுப்போடத் தெரிந்த எந்தத் தோட்டக்காரரும் நல்ல கிளையைத்தான் காட்டு மரத்தில் ஒட்டுவார், காட்டுக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டமாட்டார். பவுலே இதை இயல்புக்கு மாறானது என்கிறார். நாம் அந்த மரத்தில் இருப்பதே அருளால், முறைமையால் இல்லை.

1965 அறிக்கை சொல்லாமல் விட்டதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். 1980 நவம்பர் 17 அன்று செருமனியின் மைன்ஸ் நகரில் யூதத் தலைவர்களிடம் பேசும்போது, கடவுளால் ஒருபோதும் விலக்கிக்கொள்ளப்படாத பழைய உடன்படிக்கையின் மக்கள் என்று அவர்களை அழைத்தார். பேச்சின் நடுவே வந்த ஒரு சொற்றொடர்தான். இன்றைய கத்தோலிக்கப் போதனையில் அதுதான் அச்சாணி. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலிலும் பழைய உடன்படிக்கை விலக்கப்படவே இல்லை என்ற வாக்கியம் இடம்பெற்றது. 2001-இல் திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு, யூதர்களின் மெசியா எதிர்பார்ப்பு வீணானதல்ல என்று எழுதியது. இயேசுவின் இறப்புக்கு யூதர் எல்லாருக்கும் கூட்டுப் பொறுப்பில்லை என்பதற்கு மறைக்கல்வி நூல் 1566-இன் திரிதெந்து மறைக்கல்வி நூலையே சான்றாகக் காட்டுகிறது. பாவம் செய்யும் கிறிஸ்தவர்களின் குற்றம் யூதர்களின் குற்றத்தைவிடப் பெரிது என்று அந்தப் பழைய நூல் சொல்லியிருந்தது. நானூறு ஆண்டுகள் அது அலமாரியில் இருந்தது. மறையுரைகளில் அதன் குரல் கேட்கவில்லை.

இனி வருவதுதான் முடிச்சு. இயேசு கிறிஸ்துவே எல்லாருக்கும் மீட்பர் என்பது திருஅவையின் நம்பிக்கை. யூதர்களுடனான உடன்படிக்கை விலக்கப்படவில்லை என்பதும் அதன் போதனை. இரண்டையும் ஒரே கையில் எப்படிப் பிடிப்பது? யூதர்களுக்கு ஒரு பாதை, மற்றவர்களுக்கு ஒரு பாதை என்று சொன்னால் கிறிஸ்துவின் ஒருமை உடைகிறது. அவர்களும் திருமுழுக்குப் பெற்றால்தான் உண்டு என்றால் உடன்படிக்கை வெறும் சொல்லாகிறது.

இந்த இழுபறி இன்னும் ஓயவில்லை. 2002-இல் அமெரிக்காவில் கத்தோலிக்க, யூத அறிஞர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒரு குறிப்பு, யூதர்களை மனமாற்றும் முயற்சி கூடாது என்றது. கர்தினால் ஏவரி டல்லஸ் அதைக் கடுமையாக மறுத்தார். 2009-இல் அமெரிக்க ஆயர்களும் அதன் சில வரிகள் தெளிவற்றவை என்று அறிவித்தார்கள். மோசே வழியாகச் செய்த உடன்படிக்கை யூதர்களுக்கு என்றென்றும் செல்லும் என்று தங்கள் வயதுவந்தோர் மறைக்கல்வி நூலில் இருந்த வாக்கியத்தையும் எடுத்துவிட்டு, அங்கே பவுலின் ஒரு வசனத்தை வைத்தார்கள். திருத்தந்தைப் பணியிலிருந்து விலகியிருந்த பதினாறாம் பெனடிக்ட், 2018-இல் வெளியான ஒரு கட்டுரையில், விலக்கப்படாத உடன்படிக்கை என்ற சொற்றொடர் சரியானதுதான், ஆனால் இன்னும் நுணுக்கமாக விளக்கப்பட வேண்டியது என்று எழுதினார்.

பெரிய வெள்ளி மன்றாட்டும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 1970-இன் திருப்பலி நூலில் உள்ள மன்றாட்டு, கடவுளின் வார்த்தையை முதலில் கேட்ட யூத மக்கள் அவர் பெயர் மீதுள்ள அன்பிலும் அவருடைய உடன்படிக்கை மீதான பற்றுறுதியிலும் வளர வேண்டும் என்று கேட்கிறது. நம் தமிழ்க் கோவில்கள் உட்பட உலகின் பெரும்பான்மையான கோவில்களில் ஒலிப்பது இதுவே. பழைய இலத்தீன் வழிபாட்டைப் பின்பற்றுவோருக்காக 2008-இல் பெனடிக்ட் எழுதித் தந்த மன்றாட்டோ, இயேசு கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர் என்பதை அவர்கள் அறிந்து ஏற்கக் கடவுள் அவர்கள் உள்ளங்களுக்கு ஒளி தரவேண்டும் என்று கேட்கிறது. இது உலக முடிவில் நிகழவிருப்பதைப் பற்றிய நம்பிக்கைதான், மறைபரப்புத் திட்டம் இல்லை என்று கர்தினால் வால்டர் காஸ்பர் விளக்கினார். விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் கட்டாய மறையுரையில் உட்காரவைக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளிடம் ஒளி என்ற சொல்லைப் பேச நமக்கு இன்னும் தகுதி வரவில்லை என்பது என் எண்ணம். 1970-இன் மன்றாட்டு கடவுள் தொடங்கியதைக் கடவுளிடமே விட்டுவிடுகிறது. பெரிய வெள்ளியன்று சொல்லத் தக்கது அதுவே.

யூதர்களுடனான உறவுக்கான வத்திக்கான் ஆணைக்குழு 2015 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட ஆவணம், கடவுள் தம் கொடைகளையும் அழைப்பையும் திரும்பப் பெறுவதில்லை என்ற உரோமையர் 11:29-ஐயே தலைப்பாக வைத்துக்கொண்டது. மீட்புக்கு இரண்டு பாதைகள் இல்லை என்று அது உறுதியாகச் சொல்கிறது. யூதர்கள் கடவுளின் மீட்பில் பங்குபெறுகிறார்கள் என்பதில் ஐயமே இல்லை என்றும் அதே உறுதியோடு சொல்கிறது. கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடாமல் அது எப்படி நிகழும் என்பது ஆழம் காண முடியாத இறை மறைபொருள் என்று அங்கே நிறுத்திக்கொள்கிறது. யூதர்களைக் குறிவைத்து நிறுவனமாக எந்த மறைபரப்புப் பணியையும் திருஅவை நடத்துவதில்லை, ஆதரிப்பதும் இல்லை என்று வெளிப்படையாக எழுதுகிறது. இது நழுவல் என்று சிலர் குறை சொல்கிறார்கள். பவுலும் மூன்று அதிகாரங்கள் வாதாடிவிட்டு, கடவுளின் தீர்ப்புகள் அறிவுக்கு எட்டாதவை என்று வியப்பில் வாய்விட்டுத்தான் முடிக்கிறார். பவுல் நின்ற இடத்தில் நிற்பதை நழுவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இஸ்ரேல் என்ற இன்றைய நாட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த நாட்டை மறையியல் கண்ணோடு பார்க்காமல், பன்னாட்டுச் சட்டத்தின் பொது நெறிகளின்படி பார்க்க வேண்டும் என்று வத்திக்கான் 1985-இலேயே சொல்லிவிட்டது. தூதரக உறவுக்கான அடிப்படை ஒப்பந்தம் 1993 டிசம்பர் 30 அன்றுதான் கையெழுத்தானது. பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களின் துயரமும் அதே மண்ணில்தான் இருக்கிறது. ஒரு மக்களோடு கடவுள் செய்த உடன்படிக்கை, ஓர் அரசின் எல்லாச் செயலுக்கும் முத்திரை ஆகாது.

நம் கோவில்களில் பெரிய வெள்ளியன்று யோவான் நற்செய்தியின் பாடுகள் வாசிக்கப்படும்போது யூதர்கள் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. யோவான் பெரும்பாலான இடங்களில் குறிப்பது எருசலேமின் தலைவர்களை. யூதர் ஒருவரைக்கூட நேரில் பார்த்திராத நம் ஊர்ப் பிள்ளை அதை ஓர் இனத்தின் பெயராகத்தான் கேட்கிறது. வாசகத்துக்கு முன் இரண்டு வரி விளக்கம் சொல்ல எந்தப் பங்குத்தந்தைக்கும் நேரம் இல்லாமல் போகாது. கூட்டத்தின் குரலாக, சிலுவையில் அறையும் என்று கத்தும் பகுதியைப் பல கோவில்களில் மக்கள் எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். யாருடைய குரல் அது என்று 1566-இன் அந்தப் பழைய மறைக்கல்வி நூல் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

1986 ஏப்ரல் 13 அன்று இரண்டாம் யோவான் பவுல் உரோமையின் பெரிய தொழுகைக்கூடத்துக்குச் சென்றார். ரபி எலியோ தொவாஃப் வாயிலில் நின்று அவரை வரவேற்றார். இருவரும் தழுவிக்கொண்டார்கள். நீங்கள் எங்கள் அன்புச் சகோதரர்கள், ஒரு வகையில் எங்கள் மூத்த சகோதரர்கள் என்று திருத்தந்தை உள்ளே பேசினார். கெட்டோ இடிக்கப்பட்ட நிலத்தில்தான் அந்தத் தொழுகைக்கூடம் எழுந்தது. சில அடிகள் தள்ளி, சான் கிரகோரியோ கோவிலின் முகப்பில், எபிரேயத்திலும் இலத்தீனிலும் அந்த வாசகம் அன்றும் இருந்தது. இன்றும் இருக்கிறது, அதே வசனத்தோடு முடிந்தபடி.